பாலியஸ்டர் துணி புழுங்குமா? வாங்கும் முன் கையாலேயே சோதித்துப் பார்க்கும் வழி

கடையில் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து, கழுத்து லேபிளைத் திருப்பி, "100% பாலியஸ்டரா? அய்யோ, வேண்டாம்" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அடுத்த ரேக்கில் 95% காட்டன், 5% லைக்ரா என்று போட்ட, கெட்டியாக உடம்போடு ஒட்டுகிற ஒன்றை நம்பி எடுத்துப் போகிறார்கள். வெயிலில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால், வேண்டாம் என்று வைத்தது நல்ல ஓட்டைப் பின்னலாக இருந்த பட்சத்தில், வாங்கிப் போனதுதான் அதிகம் புழுங்கும்.

திருப்பூரில் பின்னலாடைத் துணியின் தரம் பார்ப்பது என் வேலை. காட்டன் துணியும் வரும், பாலியஸ்டரும் வரும், நைலானும் வரும். தினமும் இவற்றைத் தொட்டு, எடை போட்டு, கழுவிப் பார்த்துச் சொல்கிறேன்: நூலின் பெயரை மட்டும் வைத்து ஒரு துணி புழுங்குமா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. எப்படிப் பின்னியிருக்கிறார்கள், எந்த மாதிரி இழை, மேலே என்ன ஏற்றியிருக்கிறார்கள், இதையெல்லாம் பார்த்தாக வேண்டும். இவற்றைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. வாயால் ஊதலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துணி செய்ய வேண்டிய மூன்று வேலைகள்

வியர்வை வருவதே உடம்பைக் குளிர்விக்கத்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். நெற்றியிலிருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை, உப்பும் தண்ணீரும்தான் வீணாகின்றன. ஆகவே நல்ல துணி என்பது வியர்வை ஆவியாவதற்குத் தடையாக இல்லாத துணி.

இதில் மூன்று வேலைகள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, காற்று உள்ளே புகுந்து வெளியே போவது. இது பெரும்பாலும் துணியின் ஓட்டைகளைப் பொறுத்தது. இரண்டு, சொட்டாக மாறும் முன்பே நீராவியாக இருக்கும் வியர்வை துணியைத் தாண்டிப் போவது. மூன்று, சொட்டாகிவிட்ட வியர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளிப்பக்கம் பரப்புவது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே விசைதான் இங்கேயும் வேலை செய்கிறது. மெல்லிய இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் தண்ணீரைத் தாமாகவே இழுக்கும்.

ஒரு துணி இந்த மூன்றிலும் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில துணிகளில் காற்று தாராளமாகப் போகும், வியர்வையை மட்டும் இழுக்காது. தோலில் முத்து முத்தாக அப்படியே நிற்கும். மழைக்கோட்டில் காற்று கொஞ்சமும் போகாது, ஆனாலும் நல்ல கோட்டில் நீராவி போகும். "காற்றோட்டமான துணி" என்று விற்பவர் சொன்னால், இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இழையின் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். 20 டிகிரி வெப்பம், 65% ஈரப்பதம் உள்ள அறையில் வைத்தால் காட்டன் தன் காய்ந்த எடையில் சுமார் 8% ஈரத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் 11%க்கு மேல். நைலான் 4% அளவில். பாலியஸ்டர் வெறும் 0.4%. பாலிபுரொப்பிலீன் கிட்டத்தட்ட ஒன்றுமே எடுக்காது. அதாவது பாலியஸ்டர் இழைக்குள்ளே ஈரம் போகாது, இழைகளுக்கு நடுவே மட்டும்தான் போகும். அதனால்தான் அது சீக்கிரம் காய்கிறது. அதனால்தான் மோசமாக நெய்தால் அவ்வளவு புழுங்குகிறது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். ஆபீசில் உட்கார்ந்து லேசாக வியர்க்கிறவருக்குக் காட்டன் நல்லது, அந்த ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். ஓடுகிறவர், இறகுப்பந்து ஆடுகிறவர், மூட்டை தூக்குகிறவர் என்று கொட்டக் கொட்ட வியர்க்கிறவருக்குக் காட்டன் நனைந்து கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு நல்ல பின்னலில் வந்த பாலியஸ்டர்தான் சுகம். ஊரையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கிற எங்கள் பக்கத்தில் எந்தத் துணியும் சீக்கிரம் காய்ந்துவிடும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றே ஈரமாக இருக்கும்போது ஆவியாதல் மெதுவாக நடக்கும். அங்கே ஓட்டை பெரிதாக இருக்கும் துணி, தளர்வான தையல், இரண்டும் வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடியவை

முதலில் வெளிச்சம். துணியை ஒற்றை மடிப்பாக ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு புள்ளிகளாக வெளிச்சம் வரிசையாகத் தெரிந்தால் நல்லது. துணி முழுவதும் மங்கலாக ஒரே மாதிரி வெளிச்சம் வந்தால் அது மெல்லிய துணி என்பதற்குத்தான் சாட்சி, ஓட்டை இருக்கிறது என்பதற்கு இல்லை. மெல்லிய துணி எல்லாம் காற்றோட்டமான துணி என்று நினைப்பது பரவலான தப்பு. சேலை உள்லைனிங்குக்கு வரும் டஃபெட்டா காகிதம் போல மெல்லியதுதான், ஆனால் இழைகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் காற்று போக வழியில்லை.

அடுத்து ஊதிப் பார்ப்பது. துணியை உதட்டோடு ஒட்டிப் பிடித்து, பின்னால் இன்னொரு கையின் புறங்கையை வைத்து ஊதுங்கள். காற்று புறங்கையில் தெளிவாகப் படுகிறதா, அல்லது கன்னம் உப்பி நிற்கிறதா? ஒரு துணியை மட்டும் ஊதினால் ஒன்றும் புரியாது. நீங்கள் போட்டிருக்கும், உங்களுக்கு வசதியாக இருக்கும் சட்டையின் ஓரத்தை முதலில் ஊதுங்கள், அப்புறம் வாங்கப் போவதை ஊதுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஆய்வகத்தில் நாங்கள் செய்வதும் இதேதான். ஐஎஸ்ஓ 9237 என்ற சர்வதேசத் தர முறையில் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் காற்றை இழுத்து, ஒரு நொடிக்கு எவ்வளவு கடக்கிறது என்று மெஷின் எண்ணாகக் காட்டும்.

மூன்றாவது, தண்ணீர்ச் சொட்டு. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, விரலைத் தண்ணீரில் நனைத்து, சட்டையின் உள்பக்கம், அடி மடிப்புக்குக் கிட்டே ஒரு சொட்டு வையுங்கள். தோலில் படப்போவது உள்பக்கம்தான், ஆகவே அங்கேதான் வைக்க வேண்டும். ஓரிரு நொடியில் சொட்டு மறைந்து வட்டமாகப் பரவினால் துணி வியர்வையை இழுக்கும். முத்தாக உருண்டு நின்றால் இழுக்காது. பரவிய பிறகு துணியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்க ஈரவட்டத்தைவிட வெளிப்பக்க வட்டம் பெரிதாக இருந்தால், வாங்கலாம் என்பேன். வியர்வை தோலை விட்டு வெளியே போய், காற்று படும் பக்கத்தில் பரவுகிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கையில் வழவழவென்று வெண்ணெய் மாதிரி வழுக்குகிற துணியைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வழவழப்பு பல நேரம் சாயப்பட்டறையின் கடைசித் தொட்டியில் ஏற்றிய சிலிகான் சாஃப்ட்னரால், அதாவது மென்மையூட்டும் கெமிக்கலால் வருவது. சாதாரண சிலிகான் சாஃப்ட்னர் தண்ணீரைத் தள்ளும். பின்னல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சொட்டு உருண்டு நிற்கும். தண்ணீரை இழுக்கும் வகைச் சாஃப்ட்னரும் சந்தையில் இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். கைக்கு இதமாக இருப்பதும் உடம்புக்கு இதமாக இருப்பதும் வேறு வேறு. கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தெரியும் துணி சொட்டை உறிஞ்சினால், நான் அதைத்தான் எடுப்பேன்.

திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சரக்கு வாங்க வருகிறவர்கள் பக்கத் தையலில் இருக்கும் லேபிளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள், பக்க லேபிள் பெரும்பாலும் இருக்கும். அதில் இழை விகிதமும் சலவைக் குறிப்பும் இருக்கும்.

வீட்டில் செய்யும் சுடுதண்ணீர் சோதனை

நீராவி போகிறதா என்பதைக் கடையில் பார்க்க முடியாது. வீட்டில் இரண்டு டம்ளர் போதும். ஒரே அளவு டம்ளர்கள் இரண்டில் முக்கால் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றின் வாயைச் சந்தேகப்படும் துணியாலும், மற்றதைப் பழைய காட்டன் கைக்குட்டையாலும் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். துணி தண்ணீரில் படக்கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஒரே நேரத்தில், துணிக்கு விரற்கடை உயரத்தில் பிடியுங்கள். எந்தத் தட்டில் சீக்கிரம் ஆவி படர்கிறது, எதில் மெதுவாகப் படர்கிறது என்பதைப் பாருங்கள். மழைக்கோட்டுக்கு இதைவிட நேர்மையான சோதனை வீட்டில் கிடையாது. குழந்தைகளின் டயப்பருக்கும் செய்யலாம். உறிஞ்சும் பஞ்சை எடுத்துவிட்டு வெளி உறையை மட்டும் கட்டுங்கள். நல்ல டயப்பரின் வெளி உறை, சுண்ணாம்புக்கல் தூள் கலந்த பாலிஎத்திலீன் தாளை இழுத்து நீட்டி, அந்தத் துகள்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழச் செய்தது. ஈரம் வெளியே வராது, ஆவி வரும். மலிவான உறையில் தட்டு காய்ந்தே இருக்கும்.

எந்தப் பின்னல், எந்த நூல்

டி-ஷர்ட், டிராக் பேன்ட் வாங்குகிறவர்களுக்குப் பின்னலின் பெயர் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. மெஷ் என்பது கண்ணுக்கே தெரியும் ஓட்டை வலை. காற்று தாராளம், தனியாகப் போட்டால் உடம்பு தெரியும். அதனால் அக்குளுக்கும் முதுகுக்கும் பட்டையாக வைத்துத் தைப்பார்கள். அப்படித் தைத்த சட்டை கிடைத்தால் விடாதீர்கள், அதிகம் வியர்க்கும் இடங்கள் அவைதான். டாட் நிட், ஹனிகோம்ப், பிக்கே எல்லாம் மேடு பள்ளமாக இருக்கும் பின்னல்கள். மேடு மட்டும் தோலில் படும், பள்ளத்தில் காற்று நிற்கும். வியர்த்தாலும் முழுத் துணியும் முதுகில் அப்பாது. நடைப்பயிற்சிக்கு நான் சொல்வது இந்த வகைதான். சிங்கிள் ஜெர்சி மெல்லியது, பரவாயில்லை, ஆனால் நனைந்தால் ஒட்டும். இன்டர்லாக் இரட்டைப் பின்னல், கெட்டி. பார்க்க நன்றாக விழும், உடல் வடிவம் தெரியாது, குளிர்காலத்துக்குச் சரி. சித்திரை வெயிலுக்கு வேண்டாம்.

லைக்ரா கலந்தால் துணி சுருங்கிக் கண்ணிகள் நெருங்கிவிடும். ஓட்டை அடைபடும். லெக்கின்ஸ், சேலைக்குள் போடும் ஷேப்வேர் எல்லாம் இந்த ரகம். நைலானும் லைக்ராவும் சேர்ந்த ஷேப்வேரைக் கல்யாண மண்டபத்தில் காலையிலிருந்து மாலை வரை போட்டிருந்துவிட்டு இடுப்பில் வேர்க்குருவோடு வரும் பெண்களை எனக்குத் தெரியும். போட்டோவுக்கு இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு, அப்புறம் காட்டன் உள்பாவாடைக்கு மாறிவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

எடை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்கிறோம். வட்டமான கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்குவோம். விளையாட்டு டி-ஷர்ட்டுக்கு 130 முதல் 160 வரை சரியாக இருக்கும். இணையத்தில் வாங்குகிறவர்கள் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். 200க்கு மேல் இருந்தால் அது நம் ஊர் வெயிலுக்குச் செய்யப்பட்டதில்லை.

நூலுக்கு வருவோம். டீனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் அளவு. 75 டீனியர் நூலில் 36 மெல்லிழைகளும் இருக்கலாம், 72ம் இருக்கலாம். மெல்லிழை கூடக் கூட நடுவில் சந்துகள் கூடும், வியர்வையை இழுக்கும் சக்தியும் கூடும். இழையின் வடிவமும் முக்கியம். பாலியஸ்டர் இழையை 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள். அந்த இழை வழுவழுப்பான உருண்டை. நம் தாத்தாக்கள் ஆசையாகப் போட்ட டெரிலின் சட்டை அதுதான். இஸ்திரி வேண்டாம், கசங்காது, ஆனால் வெயிலில் உடம்பு வெந்துவிடும். பாலியஸ்டருக்கு வந்த கெட்ட பெயர் அந்தக் காலத்து நெருக்கமான நெசவால் வந்தது. 1986ல் டூபான்ட் கம்பெனி கூல்மேக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் இழையின் நீளவாக்கில் வாய்க்கால் போலப் பள்ளங்கள் ஓடும். பள்ளத்தின் வழியே தண்ணீர் ஓடிப் பரவும். இன்று அதே யோசனையில் பல கம்பெனிகள் நூல் தருகின்றன.

வாங்குகிறவருக்கு இதனால் என்ன? வியர்வை இழுக்கும் குணம் இரண்டு விதமாக வரலாம். இழையின் வடிவத்திலேயே இருந்தால் துணி கிழியும் வரை இருக்கும். சாயப்பட்டறையில் மேலே ஏற்றிய கெமிக்கலாக இருந்தால் சலவைக்குச் சலவை குறையும். சொட்டுச் சோதனையைப் புதிதில் ஒரு முறையும், சில சலவைக்குப் பிறகு இன்னொரு முறையும் செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். டீமுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறவர்கள் சாம்பிள் வாங்கி, நன்றாகத் துவைத்து, அதற்கப்புறம் சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். இதை விட்டுவிடவே கூடாது.

பிரின்ட்டைப் பாருங்கள்

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், மகன் பள்ளியில் கபடி ஆடுகிறான். ஒரு நாள் ஜெர்சியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஏனுங்க அக்கா, துணி ஓட்டை ஓட்டையாத்தானே இருக்குது, அப்புறம் ஏன் இவனுக்கு நெஞ்செல்லாம் வேர்க்குரு?" என்றாள். துணி டாட் நிட், நல்ல துணிதான். ஆனால் நெஞ்சை முழுக்க அடைத்து எண்ணும் பெயரும் ரப்பர் மாதிரி பிளாஸ்டிக் பிரின்ட். முதுகிலும் அதே. எந்த இடத்தில் காற்று போக வேண்டுமோ அந்த இடத்தையெல்லாம் ஒரு தாளால் மூடியிருந்தார்கள்.

பிளாஸ்டிசால் என்ற மை துணியின் மேல் படலமாக உறையும். காற்றும் போகாது, ஆவியும் போகாது. வெப்பத்தில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கரும் அப்படித்தான். சப்ளிமேஷன் பிரின்ட்டில் சாயம் 180 முதல் 200 டிகிரி சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். தடவினால் பிரின்ட் இருப்பதே தெரியாது, ஓட்டை எதுவும் அடைபடாது. ஜெர்சி என்றால் சப்ளிமேஷன்தான் வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்கூடங்கள், கிளப்புகள் ஜெர்சி அடிக்கும்போது யாராவது ஒரு பெற்றோர் இதை எடுத்துச் சொன்னால் அத்தனை பிள்ளைகளுக்கும் நல்லது. வெளுத்த நிறத் துணியில்தான் சப்ளிமேஷன் எடுபடும், கறுப்புத் துணியில் எடுபடாது. அதனால் விற்பவர் வெள்ளைத் துணியில் முழுக்க நிறம் ஏற்றித் தருவார். அதில் ஒரு குறையும் இல்லை.

நெசவுத் துணி: யூனிஃபார்ம், சேலை, ரவிக்கை

யூனிஃபார்ம் துணி பெரும்பாலும் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது, அல்லது 67க்கு 33 விகிதத்தில் பாலியஸ்டரும் காட்டனும் கலந்த டெரிகாட்டன். பள்ளி சொல்லும் துணியை மாற்ற முடியாது. தையலை மாற்றலாம். அக்குள் சுற்றை அரை அங்குலம் தளர்த்தச் சொல்லுங்கள். பிள்ளை கையை ஆட்டும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேறிப் புதுக் காற்று வரும். இறுக்கமான நல்ல துணியைவிடத் தளர்வான சுமாரான துணி பல நேரம் மேல். உள்ளே மெல்லிய காட்டன் பனியன் ஒன்று போடுங்கள். காலர் பட்டியிலும் பாக்கெட்டிலும் விறைப்புக்காக உள்ளே ஒட்டும் ஃபியூசிங் துணி தேவைக்கு மேல் வேண்டாம்.

சிந்தெட்டிக் சேலைகளில் ஜார்ஜெட் பரவாயில்லை. நூலை நன்றாக முறுக்கி, இடைவெளி விட்டு நெய்வதால் காற்று போகும். ஊதிப் பார்த்தாலே தெரியும். சாட்டின், டஃபெட்டா இரண்டும் கஷ்டம். ரவிக்கைதான் முக்கியம், அது தோலோடு ஒட்டி இருப்பது. மேல் துணி எதுவானாலும் உள்லைனிங்கைக் காட்டனில் வைக்கும்படி டெய்லரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வழுக்கும் பாலியஸ்டர் லைனிங்கைச் சிலர் வைத்துவிடுகிறார்கள், விலை குறைவு என்பதால்.

ஒன்று மறக்காதீர்கள். எவ்வளவு காற்றோட்டமானாலும் பாலியஸ்டரும் நைலானும் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் வேலை செய்யும்போதும், தீபாவளிக்குப் பிள்ளைகள் பட்டாசு வெடிக்கும்போதும் காட்டன்தான். துணி எது என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரியும் வாசத்தோடு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகும்.

மழைக்கோட்டு

அதிகம் பணம் வீணாவது இங்கேதான். டூ-வீலரில் போகிறவர்கள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மழையில் நனையாமல் வியர்வையில் நனைந்து போகிறார்கள்.

மூன்று ரகம் உண்டு. பிவிசி தாள் அல்லது பிவிசி பூசிய துணி: தண்ணீர் வராது, ஆவியும் போகாது, விலை மலிவு. நைலான் அல்லது பாலியஸ்டர் மேல் பாலியூரிதேன் பூசியது: ரகத்தைப் பொறுத்து கொஞ்சம் ஆவி போகும். மூன்றாவது, மெல்லிய சவ்வு ஒட்டிய துணி. இதில் பெயர் பெற்றது கோர்-டெக்ஸ். 1969ல் பாப் கோர் சூடேற்றிய டெஃப்லான் கம்பியைச் சட்டென்று வேகமாக இழுத்தபோது அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய ஓட்டைகளோடு வந்தது. அந்த ஓட்டை தண்ணீர்த் துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூற்றைவிட 700 மடங்கு பெரியது என்பது அந்தக் கம்பெனி சொல்லும் கணக்கு. மழை உள்ளே வராது, ஆவி வெளியே போகும்.

ஆனால் அது தானாகப் போவதில்லை. உள்ளே ஆவியின் அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் போகும். தோலருகே 35 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவி அழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். 5 டிகிரிக் குளிரில், 80% ஈரப்பதம் உள்ள மலைப் பிரதேசத்தில் வெளியே 0.7தான் இருக்கும். வித்தியாசம் 4.9. சவ்வு ஜோராக வேலை செய்யும். ஐப்பசி மழையில் சென்னையில் 28 டிகிரி, 90% ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால் வெளியே 3.4. வித்தியாசம் வெறும் 2.2. அதே கோட்டு, அதே விலை, ஆவியைத் தள்ளும் விசை பாதிக்கும் கீழே. குளிர்நாட்டு மலையேற்றத்துக்கு என்று செய்த விலையுயர்ந்த கோட்டை நம் ஊர் மழைக்கு வாங்கி ஏமாற வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஊட்டி, கொடைக்கானல், இமயமலைப் பயணம் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

சமவெளி மழைக்குக் காற்று புகும் வழிதான் மருந்து. அக்குளில் ஜிப், முதுகில் மேல் மடிப்புக்குக் கீழே வலைப்பட்டை, தளர்வான கை. இவை இருந்தால் சாதாரண பாலியூரிதேன் கோட்டே போதும். உள்பக்கம் வலை லைனிங் இருந்தால் பிளாஸ்டிக் நேராகத் தோலில் ஒட்டாது. நடந்து போகிறவருக்குத் தலை வழியாகப் போர்வை போல மாட்டும் பாஞ்சோ இன்னும் சுகம். டூ-வீலரில் மட்டும் வேண்டாம், காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும்.

விளம்பரத்தில் 10கே, 20கே என்று எண் போடுவார்கள், பத்தாயிரம், இருபதாயிரம் என்று அர்த்தம். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக ஒரு நாளில் எத்தனை கிராம் ஆவி போகிறது என்பது அது. சோதனை முறைக்கு முறை இந்த எண் வெகுவாக மாறும். கோப்பையை நிமிர்த்தி வைத்து அளந்தால் ஒன்று வரும், ஜப்பானிய முறையில் கவிழ்த்து வைத்து அளந்தால் அதே துணிக்கு மிகப் பெரிய எண் வரும். இரண்டு பிராண்டின் எண்களை ஒப்பிடுவதாக இருந்தால் சோதனை முறை ஒன்றா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 11092 முறையில் வரும் ஆர்இடி என்ற எண் கிடைத்தால் அதை நம்பலாம், ஆவி போவதற்குத் துணி எவ்வளவு தடையாக இருக்கிறது என்பதை அது சொல்லும். அதில் எண் குறையக் குறைய நல்லது: 6க்குக் கீழே அருமை, 13 வரை நல்லது, 20ஐத் தாண்டினால் புழுங்கும்.

சவ்வுக் கோட்டின் வெளித் துணியில் தண்ணீரை உருட்டிவிடும் பூச்சு ஒன்று இருக்கும். அது தேய்ந்துபோனால் வெளித் துணி நனைந்து ஊறிவிடும். ஊறிய துணி வழியாக ஆவி சரியாகப் போகாது. மழையில் தண்ணீர் உருளாமல் கோட்டு கறுத்து ஊறுகிறது என்றால், கோட்டைத் துவைத்துக் காயவைத்து, கடையில் கிடைக்கும் நீர்விலக்கி ஸ்பிரே அடியுங்கள். புதுக் கோட்டு வாங்கத் தேவையில்லை.

துவைக்கும் முறை

பாலியஸ்டருக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். உடம்பின் எண்ணெய்ப்பசை அதில் ஒட்டிக்கொண்டு இழைச் சந்துகளை அடைக்கும். நாற்றமும் அதில்தான் தங்கும். வியர்வையில் நாற்றத்தைக் கிளப்பும் மைக்ரோகாக்கஸ் வகைக் கிருமிகள் காட்டனைவிடப் பாலியஸ்டரில் நன்றாக வளர்கின்றன என்று 2014ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே விளையாடிவிட்டு வந்த சட்டையைச் சுருட்டிப் பையில் வைக்காதீர்கள். உடனே துவைக்க முடியாவிட்டால் கொடியில் விரித்தாவது போடுங்கள்.

உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள், அழுக்கு அங்கேதான் இருக்கிறது. சோப்புத்தூள் அளவாகப் போட்டு இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள், மிச்சம் நிற்கும் சோப்பும் சந்தை அடைக்கும். துணி வாசனைக்கும் மென்மைக்கும் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் இந்தத் துணிகளுக்கு அறவே வேண்டாம். அது இழையின் மேல் மெழுகு போலப் படிந்து, வியர்வை இழுக்கும் குணத்தைக் கெடுத்துவிடும். காட்டன் சேலைக்கு ஊற்றுகிறவர்கள் விளையாட்டுத் துணியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட, புழுங்குகிற சட்டை இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைத்துச் சொட்டு வைத்துப் பாருங்கள். சாஃப்ட்னர்தான் காரணம் என்றால் சில சலவையில் குணம் திரும்பலாம். திரும்பாவிட்டால் டெய்லரிடம் கொடுத்து, அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு மெஷ் துண்டு வைத்துத் தைத்து, பக்கத் தையலை அடியிலிருந்து மூன்று அங்குலம் பிரித்துவிடச் சொல்லுங்கள். மெஷ் துண்டு காதர்பேட்டையில் கட்பீஸாக எடைக்கே கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் பழைய ஸ்போர்ட்ஸ் ஜெர்சியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம்.